அந்த வெடி திரும்ப வேணும்

சிரிச்சுக்கங்க தம்பி, பரவால்ல. நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னு சிரிச்சதை நான் கண்ணாடியில பாத்துட்டேன். கோவமெல்லாம் இல்லீங்க. ஒருத்தன் ஞாயித்துக்கெழமை வெள்ளனே வந்து, "ஜெரால்டு, என் வண்டி பட்பட்னு வெடிச்சுட்டு இருந்துச்சே, அதை நிறுத்திக் குடுத்தியே, அந்த வெடியைத் திருப்பி வெச்சுக் குடு"ன்னு கேட்டா யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். பல்லு வலிக்குதுன்னு பிடுங்கிட்டுப் போனவன், மறுவாரம் வந்து டாக்டர்கிட்ட வலியைத் திருப்பிக் கேட்டானாம். அப்படித்தான இருக்கு?

உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. ஜெரால்டு என் வண்டிய முடிச்சுட்டு, அந்த மஞ்சள் வண்டியைப் பாத்துட்டு, அப்பறந்தான் உங்க வண்டிய தொடுவான். நீங்களும் சைலன்சர் பைப் மாத்திட்டீங்க போல. வாசல்ல நீங்க வந்து நிறுத்தறப்பவே கேட்டேன். லேசா இருமுது. கெட்ட இருமல் இல்ல, சரி பண்ணிருவான். நமக்குச் சத்தத்துல கொஞ்சம் பழக்கமுங்க. பேரு நாச்சிமுத்து. கணபதி ஏரியாவுல வீடு. பம்ப்பு கம்பெனியில டெஸ்டிங் செக்சன்ல இருந்து ரிட்டயர் ஆனவன். மோட்டார் ஓடறப்ப பக்கத்துல நின்னாப் போதும், பேரிங் போயிருச்சா, தண்ணி ஏறலியா, எல்லாம் காதாலயே சொல்லீருவேன். கம்பெனியில எல்லாரும் கடைசியா என்னைத்தான் கூப்புடுவாங்க. "நாச்சிமுத்து அண்ணன் கேட்டுட்டுச் சரின்னா சரி"ம்பாங்க.

அதுனாலதான் சொல்றேன், என் வண்டியில அந்த வெடி இருக்கணுமா வேண்டாமான்னு எனக்குத் தெரியாதா?

சரி, மொதல்ல இருந்து சொல்றேன். உங்களுக்கும் நேரம் போகோணுமில்ல.

எங்க வீட்டுல ருக்மணி, என் சம்சாரம், போய்ச் சேர்ந்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. தலைக்குள்ள கட்டி. வலியைவிட அவளுக்குப் பெரிய தொந்தரவு சத்தந்தான். தட்டு வெக்கற சத்தம், கதவு சாத்தற சத்தம், எல்லாம் அவளுக்கு ஊசியில குத்தறாப்பல. அதுனால வீட்டுல சத்தமே இருக்கப்படாதுன்னு நான் வெச்சுட்டேன். காலிங் பெல்லைக் கழட்டிட்டேன். குக்கர் எடுத்து மேல போட்டாச்சு, சோறு வடிச்சுத்தான். நாற்காலிக் காலுக்கெல்லாம் துணி சுத்திக் கட்டினேன். டிவியில சத்தமில்லாமப் படம் மட்டும் ஓடும். வீட்டுக்குள்ள நடக்கறதே திருடனாட்டத்தான் நடப்போம்.

எம் பொண்ணு தாரணி வந்து கூட இருந்தா. ஒரே பொண்ணு. கைக்கொழந்தையையும் தூக்கிட்டு வந்து அம்மாவைப் பாத்தா, தப்புச் சொல்லக்கூடாது. ஆனா அவளுக்குக் கொஞ்சம் கை தவறும். ஒருநாள் கரண்டி கீழ விழுந்துருச்சு. ருக்மணி துடிச்சுப் போயிட்டா. நான் வஞ்சேன். கொழந்தை அழுதா, வெளிய தூக்கிட்டுப் போன்னு வஞ்சேன். வையாம என்னங்க பண்றது? வலியில கெடக்கறவளைப் பாப்பனா, இவளுக்குச் சமாதானம் சொல்லிட்டிருப்பனா?

அப்பறம் ருக்மணி போயிட்டா. காரியமெல்லாம் முடிஞ்சு ஒறம்பரை சனம் கெளம்பிப் போச்சு. தாரணியும் அவ வீட்டுக்குப் போயிட்டா, தொண்டாமுத்தூர் ரோட்டுல, வடவள்ளி தாண்டி. எல்லாரும் போனதுக்கப்பறம் பாத்தா, நான் செஞ்சு வெச்ச அந்த அமைதி அப்படியே இருக்குது. பெல்லு இல்ல. குக்கர் இல்ல. நாற்காலி இழுத்தாச் சத்தமில்ல. பொழுதோட உக்காந்திருந்தா பிரிட்ஜ் ஓடறது கேக்கும். அது ஓடி நிக்கும் பாருங்க, அந்த நின்னதுக்கப்பறம் ஒண்ணு இருக்கும். அதை என்னன்னு சொல்றதுன்னு தெரியல. அதுக்குப் பிரிட்ஜே ஓடிட்டு இருந்தாத் தேவலைன்னு தோணும்.

அதுக்காகத்தான் வண்டி வாங்கினேன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கு வண்டின்னா பிடிக்கும், அவ்வளவுதான். ருக்மணிக்கு வண்டியே ஆகாது, பொய் சொல்லமாட்டேன். ரெண்டு சிலிண்டர் வண்டி. வாங்கிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணினா, கம்பெனிப் பைப்பு இருக்குதே, தையல் மிசினாட்ட! இத்தனை பெரிய வண்டி, ஓடுதா நிக்குதான்னு குனிஞ்சு பாக்கோணும். அப்பத்தான் ஒரு பையன் சொன்னான், கடையில விக்கற வெளிப் பைப்பு போட்டா வண்டி பேசும்னு. ரெண்டு பக்கமும் மாத்தினேன். வீட்டுப் போர்டிகோவுல நிறுத்தி ஒரு முறுக்கு முறுக்கினேன் பாருங்க, சமையக்கட்டு அலமாரியில இருந்த டம்ளரெல்லாம் கிணுகிணுன்னு ஆடுச்சு. நல்லா இருந்துச்சுங்க. இன்னொருக்கா முறுக்கினேன்.

அந்த வண்டியிலதான் மொதமொதல்ல தாரணி வீட்டுக்குப் போனேன். ஸ்வீட் ஒரு டப்பா வாங்கி ஹேண்டில்ல மாட்டிட்டுப் போனேன். பேத்திக்குக் காய்ச்சல், அப்பத்தான் தூங்கினாளாம், எனக்கு எப்படித் தெரியும்? நான் வாசல் கேட்டு முன்னாடி போய் நிறுத்தவும், உள்ளேருந்து கொழந்தை வீல்னு கத்துது. தாரணி வெளிய வந்தா. என்னையப் பாத்தா, வண்டியப் பாத்தா, பைப்பைப் பாத்தா.

"ஏனுங்ப்பா, இதென்ன?"ன்னா.

"பைப்பு மாத்தியிருக்கறேன் அம்மிணி. கேக்கறயா?"ன்னேன்.

அவ மூஞ்சி ஒரு மாதிரி ஆயிப்போச்சு. "அம்மா படுத்திருந்தப்ப ஒரு கரண்டி கீழ விழுந்ததுக்கு என்னைய என்ன பேச்சுப் பேசினீங்க. எம் புள்ள அழுததுக்கு வெளிய போகச் சொன்னீங்க. அம்மா பாத்துட்டே கெடக்க, நான் புள்ளையத் தூக்கிட்டு வாசல்ல நின்னேன். இப்ப உங்களுக்கு இந்தச் சத்தம் கேக்குதாங்ப்பா? இனி இந்த வண்டியில இந்த வாசலுக்கு வராதீங்க"ன்னுட்டா.

மாப்ள லோகநாதன் பின்னாடியே வந்து, "மாமா, எறங்குங்க, தண்ணியாச்சும் குடிச்சுட்டுப் போங்க"ன்னாரு. நல்ல மனுசன். நான் ஹெல்மெட்டைக்கூடக் கழட்டல. அப்படியே வண்டியத் திருப்பிட்டேன். ஸ்வீட் டப்பா ஹேண்டில்லயே ஆடிட்டு வந்துச்சு. வீட்டுக்கு வந்து எறும்புக்குத்தான் ஆச்சு.

வண்டியிலதான வரவேண்டாம்னு சொன்னாங்க, பஸ்ஸுல போலாமே சார்னு இன்னைக்கு விசயத்தைச் சொன்னப்ப இந்த ஜெரால்டு கேட்டான். அவனுக்கு என்னங்க தெரியும்? வண்டி வேண்டாம்னா, வண்டியில வந்தவனை வேண்டாம்னுதான அர்த்தம்? நீங்களே சொல்லுங்க.

சரி, அதை விடுங்க. வண்டி விசயத்துக்கு வர்றேன். அதுதான முக்கியம்.

ஞாயித்துக்கெழமையானா நான் தொண்டாமுத்தூர் ரோட்டுலதான் ஓட்டுவேன். வேற எதுக்கும் இல்ல, அது நல்ல ரோடு. வெள்ளனே போனா கூட்டம் இருக்காது, எதுக்கால மலை தெரியும், ரெண்டு பக்கமும் பாக்குத் தோப்பு. போறப்ப ஒருக்கா, வர்றப்ப ஒருக்கா. அப்படிப் போயிட்டிருக்கறப்பத்தான் கவனிச்சேன். வண்டி வெடிக்குது. ஒரு எடத்துல கரெக்டா. அந்த வேப்பமரம் தாண்டி, பச்சைக் கேட்டு வரும் பாருங்க, அங்க. பட், பட்பட், பட்னு தீபாவளி ஓலைப் பட்டாசாட்ட. தாண்டிப் போனாச் சரியாயிரும். மறுபடி திரும்பி வர்றப்ப அதே எடம், அதே வெடி. ரோட்டுல போறவன் எல்லாம் திரும்பிப் பாக்கறான். எனக்கு மானமே போச்சு.

பச்சைக் கேட்டா? ஆமாங்க, அது தாரணி வீடுதான். ஆனா அதுக்கும் இதுக்கும் சம்மந்தமில்ல. வண்டி எங்க வெடிக்குதுன்னு ஒரு அடையாளத்துக்குச் சொன்னேன்.

விசாரிச்சுட்டுத்தான் ஜெரால்டுகிட்ட வந்தேன். அவன் பைப்பைப் பாத்ததுமே சொன்னான். "சார், வண்டியோட கம்ப்யூட்டருக்கு நீங்க பைப் மாத்தினது தெரியாது. அது பழைய பைப்புன்னு நெனச்சே பெட்ரோல் அளந்து விடுது. ஆனா இப்ப காத்து எச்சா போகுது. பெட்ரோல் பத்தல. வண்டி பட்டினியில ஓடுது. ஓடறப்ப ஆக்சிலேட்டரைச் சட்னு விட்டீங்கன்னா, எரியாத மிச்சம் சூடான பைப்புக்குள்ள போய் வெடிக்குது"ன்னான். பாருங்க, ஒரு பைப்பு மாத்தினா உள்ள அத்தனையும் மாத்திச் சொல்லிக் குடுக்கணும். இல்லேன்னா வண்டி பழைய ஞாபகத்துலயே ஓடிட்டு இருக்கும்.

பைப்புல ஒரு ஓட்டை போட்டு சென்சார் வெச்சு வெல்டிங் பண்ணினான். ஒரு ஒயரைக் கொண்டு போய் லேப்டாப்புல சொருகினான். கட்டம் கட்டமா நம்பர் வரும். எந்த வேகத்துக்கு, எவ்வளவு முறுக்கினா, எவ்வளவு பெட்ரோல்னு ஒவ்வொரு கட்டமா மாத்தணும். இங்க நிறுத்தி வெச்சு முறுக்கிப் பாத்தான். அடுத்த வாரம் வரச் சொன்னான். வந்தேன். அதுக்கடுத்த வாரமும் வந்தேன். இவங்கூட உக்காந்து பழமை பேசிட்டு, டீ குடிச்சுட்டு, வர்ற வண்டிகளை எல்லாம் கேட்டுட்டு இருப்பேன். நடுவுல ஒருநாள் அவன் கூப்பிடலைன்னாலும் வந்தேன். ஒரு சந்தேகம் இருந்துச்சு, அதுனால.

ஒருநாள் அவனே சொன்னான், "சார், நிறுத்தி வெச்சுப் பண்ணினாச் சரிவராது. ரோட்டுல போய்ப் பாக்கணும். நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி லேப்டாப் வெச்சுட்டு உக்காந்துக்கறேன்"ன்னு.

நீங்க இதைப் பாத்திருக்கீங்களா? ஒருத்தன் ஓட்டணும், இன்னொருத்தன் பின்னாடி உக்காந்து மடியில லேப்டாப்பை வெச்சு, பெல்ட்டுல கட்டி, ஓடற வண்டியிலயே நம்பரை மாத்திட்டு வருவான். நான் பிரேக் போட்டா அவன் ஒரு கையில என் தோளைப் பிடிச்சுக்குவான். "ஸ்டெடியா வெச்சுக்கங்க சார்"னு காதுகிட்டக் கத்துவான். "கொஞ்சம் எச்சா குடுங்க. அங்கயே நில்லுங்க. நல்லா இருக்கு சார், சூப்பர் சார்"ம்பான். அந்த வண்டி வாங்கினதுல இருந்து பின் சீட்டுல உக்காந்த மொத ஆளு அவன்தானுங்க. வண்டியே வேற மாதிரி இருந்துச்சு. பின்னாடி வெயிட்டு இருந்தா வண்டி நல்லா நிக்கும், அதைச் சொல்றேன்.

எந்த ரோட்டுக்குப் போலாம்னு கேட்டான். தொண்டாமுத்தூர் ரோடு போலாம், அங்கதான் வெடிக்குதுன்னேன்.

போனோம். வடவள்ளி தாண்டுச்சு. வேப்பமரம் வந்துச்சு. பட், பட்பட், பட்.

"கேட்டியா?"ன்னேன்.

"கேட்டேன் சார். ஆனா நீங்க கையை எடுத்துட்டீங்க. ஆக்சிலேட்டரை விட்டா வெடிக்கத்தான செய்யும். விடாமப் போங்க."

"நான் எங்கடா விட்டேன்?"

"விட்டீங்க சார்."

திருப்பிட்டு வந்தோம். மறுபடி வெடிச்சுது. மறுபடி திருப்பினேன். அப்ப அவன் பின்னாடி இருந்து சொல்றான், "சார், அந்தப் பச்சைக் கேட் வீட்டுல ஒரு அக்கா படியில வந்து நிக்கறாங்க. கையில ஈரத்துணி. போன தடவை வெடிச்சப்பவும் வந்து நின்னாங்க. நம்மளையே பாக்கறாங்க. தெரிஞ்சவங்களா?"ன்னு.

"தெரியாது"ன்னேன்.

என்னங்க பண்றது? ஓடற வண்டியில உக்காந்துட்டுக் குடும்பக் கதை சொல்ல முடியுமா? நான் அந்தப் பக்கம் திரும்பறதில்லீங்க. ரோட்டைப் பாத்துத்தான் ஓட்டுவேன். இத்தனை மாசமாப் போறேன், ஒருக்காகூடத் திரும்பிப் பாத்ததில்ல. படியில நிக்கறாளா, உள்ள இருக்கறாளா, எனக்கு எப்படித் தெரியும்? இவன் சொல்லித்தான் தெரியும். ஈரத்துணின்னு சொன்னானே, அது பாத்திரம் தொடைக்கற துணியா இருக்கும். அவ அம்மா பழக்கம். தோள்ல ஒரு துணி எப்பவும் கெடக்கும்.

கொஞ்ச தூரம் தள்ளி ஒரு டீக்கடையில நிறுத்தினோம். அவன் லேப்டாப்பை மூடி வெச்சுட்டு எம் மூஞ்சியையே பாத்தான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. கடைசி ரவுண்டுல நான் கம்ப்யூட்டரைப் பாக்கல. உங்க கையைத்தான் பாத்தேன். அந்த வேப்பமரம் வந்ததும் உங்க கை தானா விடுது. அந்த வீடு தாண்டினதும் மறுபடி முறுக்குது. வண்டியில கோளாறு இல்ல சார்."

எனக்குச் சுர்ருனு ஏறிப்போச்சு. "வேகத்தடை இருக்குது, அதுனால விட்டிருப்பேன்"ன்னேன்.

"வேகத்தடை பள்ளிக்கூடத்துக்கிட்டத்தான சார் இருக்குது? அது எவ்வளவு தூரம் தள்ளி."

"நான் மோட்டார் டெஸ்ட் பண்ணியே காலம் தள்ளினவன், எனக்கு நீ சொல்லித் தர்றியா? சரி பண்ண முடியுமா முடியாதா, அதைச் சொல்லு"ன்னேன்.

அவன் டீயைக் குடிச்சு முடிச்சான். "முடியும் சார். நீங்க கையை விட்டாலும் வெடிக்காத மாதிரி பண்ணித் தர்றேன். அந்தக் கட்டத்துல கொஞ்சம் பெட்ரோல் சேத்துனாச் சரியாயிரும்"ன்னான். அப்பறம் கேட்டான், "சரி பண்ணணுமா சார்?"னு. அது என்ன கேள்வி? அதுக்குத்தான வந்தேன்? "பண்ணு"ன்னேன்.

பண்ணிட்டான். அவன் கை சுத்தம், அதைச் சொல்லணும். வண்டி அப்படியே எண்ணெய் விட்ட கதவாட்ட ஆயிப்போச்சு. இழுவை நல்லா இருக்குது, சூடு இல்ல, கை விட்டா மொர்ருனு எறங்குதே தவிர ஒரு பொட்டு வெடி இல்ல. கணபதியில இருந்து நான் போறது எனக்கே பெருமையா இருந்துச்சு.

அடுத்த ஞாயித்துக்கெழமை போனேன். வேப்பமரம், பச்சைக் கேட்டு, தாண்டியாச்சு. ஒரு சத்தம் இல்ல. திரும்பி வந்தேன், ஒண்ணும் இல்ல. ரோட்டுல யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. அதுதான வேணும்? ஆனா எனக்கு என்னமோ போல இருந்துச்சு. பழக்கதோசம். அதுக்கடுத்த வாரமும் போனேன். அன்னைக்குக் கொஞ்சம் எச்சாச் சுத்தினேன், வண்டி எப்படி இருக்குதுன்னு பாக்க.

அந்த வாரத்துலதான் தாரணி போன் பண்ணினா.

அந்த வாசல்ல இருந்து திரும்பி வந்ததுக்கப்பறம் மொத போன். மாப்ள எப்பவாச்சும் பேசுவாரு. இவ பேசமாட்டா. பேரைப் பாத்ததும் என்னமோ ஏதோன்னு ஆயிப்போச்சு.

"ஏனுங்ப்பா, மேலுக்கு ஏதும் முடியலீங்களா?"ன்னா.

"நல்லாத்தான் இருக்கறேன். ஏன்?"

"இல்ல... ரெண்டு ஞாயித்துக்கெழமையா அந்த வெடிச் சத்தம் கேக்கல. அதான்."

பிரிட்ஜ் அப்பப் பாத்து நின்னுது. நான் சொன்னேன், "வண்டிய டியூன் பண்ணியாச்சு. இப்ப வெடிக்காது"ன்னு.

"ஓ"ன்னா. "அப்ப வந்துட்டுத்தான் இருக்கீங்களா?"ன்னா.

"அந்த ரோடு நல்ல ரோடு"ன்னேன்.

பின்னாடி பேத்தி என்னமோ கேக்கறது காதுல விழுந்துச்சு. "டப்டப் தாத்தாவா?"ன்னு. எனக்குப் பேரு வெச்சிருக்குது பாருங்க, எம் மூஞ்சியே அதுக்கு ஞாபகம் இருக்காது. தாரணி சொல்றா, "இவதானுங்ப்பா. ஞாயித்துக்கெழமையானா சன்னல்ல ஏறி உக்காந்துக்குவா. சத்தம் கேட்டாக் கை தட்டுவா. ரெண்டு வாரமா உக்காந்து உக்காந்து எறங்கி வந்துட்டா"ன்னு. அப்பறம், "ஒருநாள் வாங்கப்பா"ன்னா.

ஆமாங்க, வாங்கன்னு சொன்னா. நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்கன்னு தெரியுது. ஆனா வாங்கங்கறது நம்ம ஊர்ல வாயில வர்ற வார்த்தைங்க. கடன்காரன் வந்தாலும் வாங்க, கரண்ட் பில் எடுக்க வந்தாலும் வாங்க. அதை வெச்சுக் கெளம்பிப் போயிற முடியுமா? எதுல வாங்கன்னும் சொல்லல. வண்டியிலயா, பஸ்ஸுலயா? எப்ப வாங்கன்னும் சொல்லல. நானும், "சரி, பாக்கலாம்"னேன். போனை வெச்சுட்டா.

அன்னைக்கு நாற்காலிக் காலுல கட்டியிருந்த துணியை எல்லாம் அவுத்துப் போட்டேன். எதுக்குன்னு தெரியல. நைஞ்சு போயிருந்துச்சு, அதுனாலயாத்தான் இருக்கும்.

இப்ப நீங்க யோசிச்சுப் பாருங்க. ஒரு கொழந்தை சன்னல்ல ஏறி உக்காந்திருக்குது. அதுக்கு அந்த வெடி வேணும். சின்னக் கொழந்தைக்கு என்ன தெரியும், வண்டி நல்லா ஓடுதா, பெட்ரோல் பத்துதா பத்தலியான்னு? அதுக்குச் சத்தந்தான். நாம பெரியவங்க, அதுகூடச் செய்ய முடியாதா? அதுக்காகத்தான் வந்தேன். "ஜெரால்டு, பழைய நம்பரெல்லாம் வெச்சிருக்கியா? அந்த ஒரு கட்டத்தை மட்டும் பழையபடி மாத்திக் குடு. கை விட்டா வெடிக்கணும்"ன்னேன். இதுல சிரிக்க என்ன இருக்குது?

அவன் சிரிக்கல பாருங்க. உங்களைப்போலச் சிரிக்கல. பானா ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டுக் கையைத் தொடைச்சான். "சார், சன்னல்ல இருக்கற கொழந்தைக்கு வெடி எதுக்கு சார்? கேட்டைத் தொறந்து உள்ள போனீங்கன்னா மடியிலயே உக்காந்துக்குமே"ன்னான். இந்தக் காலத்துப் பசங்க எல்லாத்தையும் சுலுவாப் பேசீருவாங்க. கேட்டைத் தொறக்கறது என்ன சாமானியமான விசயமா? அந்தக் கேட்டுத் தாழ்ப்பாளு வேற இறுகிக் கெடக்கும். மாப்ளைக்கு அதுக்கு எண்ணெய் விடணும்னு தோணாது. எத்தனை தடவை சொல்லியிருக்கறேன்.

சரி, உங்களுக்கு அலுப்பா இருக்குதா? அவன் முடிச்சுட்டான்னு நெனைக்கறேன். லேப்டாப்பை மூடறான் பாருங்க.

என்ன ஜெரால்டு, ஆச்சா? ஸ்டார்ட் பண்ணு. முறுக்கு. இன்னும் கொஞ்சம். இப்ப விடு.

ஆங்! கேட்டீங்களா தம்பி? பட், பட்பட், பட். அதேதான். ஒரு பொட்டு கொறையல. அவன் கையை என்னன்னு சொல்றது! சன்னல்ல என்ன, அந்தத் தெரு முக்குல நின்னாக்கூடக் கேக்கும்.

ஜெரால்டு, வா, ஒருக்கா ரோட்டுல போய்ப் பாத்துட்டு வந்துரலாம். பின்னாடி ஏறு.

வரமாட்டியா? ஏன்? டியூனிங் முடிஞ்சுது, இனி பின்னாடி உக்கார வேலையில்லையா? என்னது, நீங்களே போங்க சார், போய் அங்க எறங்குங்கங்கறியா? சரி, சரி. உனக்கு வேலை இருக்கும். அந்த மஞ்சள் வண்டிக்காரன் நின்னுட்டிருக்கான், போ.

தம்பி, நீங்க சும்மாத்தான உக்காந்திருக்கீங்க? உங்க வண்டியை அவன் தொடறதுக்குள்ள நாம போயிட்டே வந்துரலாம். நல்ல ரோடு, சொன்னேனே. மலை தெரியும். ஹெல்மெட் இருக்குதில்ல, போட்டுக்கங்க. தோளைப் பிடிச்சுக்கலாம், வெக்கப்படாதீங்க.

உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். வேப்பமரம் தாண்டினதும் இடது பக்கம் பச்சைக் கேட்டு வரும். நான் ரோட்டைப் பாக்கணும், என்னால திரும்ப முடியாது. நீங்க பாருங்க. சன்னல்ல கொழந்தை இருக்குதா, படியில யாராச்சும் நிக்கறாங்களா, அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க. எப்படி நிக்கறாங்கன்னும் பாருங்க. மெலிஞ்சிருக்காளா, தலை சீவியிருக்காளா, மூஞ்சி எப்படி இருக்குது. தாண்டற நேரத்துல எவ்வளவு பாக்க முடியுமோ அவ்வளவு பாருங்க.

மெதுவாப் போகச் சொல்றீங்களா? போறேன். உங்களுக்கு எவ்வளவு மெதுவா வேணுமோ அவ்வளவு மெதுவாப் போறேன். நிறுத்தச் சொல்ல மட்டும் வேண்டாம், தம்பி.

இல்ல, சொல்லணும்னு தோணினாச் சொல்லுங்க. காதுகிட்ட வந்து சத்தமாச் சொல்லுங்க. இந்தப் பைப்புச் சத்தத்துல எனக்குக் கேக்காமப் போயிரப் போகுது.